காய்ச்சல் கண்ட எலிகள்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்று வளர்த்தது நான்கு பிள்ளைகள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆட்டி வளர்த்தது ஊரார் பிள்ளைகளை. அதற்குப் பிறகு வளர்த்தது வெள்ளைச் சுண்டெலிகளை. அவை எத்தனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட என்னைக் கடித்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

உக்குவளைக்கு மேலே பழைய கொக்கோத் தோட்டத்தில் ஒரு துரை பங்களா இருக்கிறது. அதைத்தான் ஆராய்ச்சி நிலையமாக மாற்றினார்கள். அங்கே எலி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த பெண் பிள்ளைகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது எலி எந்தப் போத்தலை எத்தனை தடவை நக்கியது என்பதை யந்திரமே சொல்லிவிடுகிறதாம். "அந்தக் காலத்துல எப்படிம்மா பாத்தீங்க? எங்க மலருக்கு ஒரு கட்டுரை தாங்களேன்" என்றார்கள். பஸ் போர்டு வாசிக்கவும் கையெழுத்துப் போடவும் எனக்கு எழுத்து உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் என் பேத்தி நிரோஷா இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

வேலை பழகிய கதையை நீட்டத் தேவையில்லை. கொழுந்து பறித்த விரலும் குழந்தையைத் தூக்கிய கையும் இருந்தால் எலியைத் தூக்க ஒரு வாரம் போதும். வாலின் அடியைப் பிடித்து, உள்ளங்கையில் உட்கார வைத்து, அதன் மூச்சு அடங்கும்வரை நாமும் சும்மா நிற்க வேண்டும். மற்றதெல்லாம் பொறுமை.

அந்த அறையைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலி இரவில் விழிக்கிற பிராணி. நாமோ பகலில் வேலை செய்கிறவர்கள். அதனால் அங்கே பகலை இரவாக மாற்றி வைத்திருந்தார்கள். காலையில் வெள்ளை விளக்குகள் அணைந்துவிடும். சிவப்புக் குமிழ் மட்டும் எரியும். அந்தச் சிவப்பு எலியின் கண்ணுக்குத் தெரியாதாம். வெளியே மலைமேல் வெயில் அடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனால் யாரோ காணும் கனவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மரச்சீவல் வாசம். கூடுகளுக்குள் சலசலவென்று ஓடும் சத்தம், தகரத்தில் தூறல் விழுவது போல. சிவப்பு வெளிச்சத்தில் என் கைகளே எனக்கு வேறு யாருடையவோ போலத் தெரியும். மத்தியானம் சோறு தின்ன வெளியே வந்தால் கொக்கோ இலைகளின் பச்சை கண்ணைக் கூச வைக்கும். ஒரே நாளில் இரண்டு நாள் வாழ்ந்தவள் நான்.

எங்கள் மேலதிகாரி டொக்டர் பரீதா. மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற குடும்பத்துப் பிள்ளை. வயதில் எனக்கு மகள் போல. ஆனாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். நான் "டொக்டர் அம்மா" என்பேன். எலிகளுக்குச் சாராயம் கொடுத்துப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதை வைத்து அவரே சிரிப்பார்.

"எங்க உம்மா ஆக்கள்கிட்ட என்ன சொல்றா தெரியுமா அக்கா? மக மருந்து செய்றாண்டு. வாளிக் கணக்கில ஸ்பிரிட் வச்சிருக்கேண்டு தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ளயே எடுக்க மாட்டா."

ஊசி போடுமுன் மெல்ல "பிஸ்மில்லாஹ்" சொல்வார். எலியிடம் "கொஞ்சம் பொறுத்துக்க மகள்" என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நல்ல செய்தி வந்தால் மற்றவர்கள் துள்ளுவார்கள்; அவர் இன்னும் அமைதியாகிவிடுவார். அது எனக்கு முதலில் விளங்கவில்லை.

வேலை இப்படி. ஒரு கூட்டில் ஓர் எலி. ஒரு கூட்டுக்கு இரண்டு போத்தல்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சாராயம் கலந்த தண்ணீர். இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துத்தான் மாட்டுவோம். மறுநாள் கழற்றி மறுபடி நிறுப்போம். குறைந்தது எவ்வளவோ, குடித்தது அவ்வளவு. மாட்டும்போது போத்தல்களைப் பக்கம் மாற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் எலி ருசியைத் தேடாது, பழகிய பக்கத்தைத்தான் தேடும். கடைசியில் எலி இல்லாத வெறுங்கூடு ஒன்று இருக்கும். அதிலும் இரண்டு போத்தல் தொங்கும். குழாய் தானாக எவ்வளவு சொட்டுகிறது என்பதை அறிந்து கழிப்பதற்காக. எங்களோடு போத்தல் கழுவிய பொன்னுசாமி அந்தக் கூட்டைக் காட்டி, "ஆளில்லாத வீட்டுலயும் சரக்கு குறையுதே, இது நம்ம லயத்து வழக்கமால்ல இருக்கு" என்பான்.

தலையில் பூ வைக்கக் கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, பவுடர் கூடாது. எலி மூக்கால் வாழ்கிற பிராணி. இந்தச் சட்டத்தை மட்டும் டொக்டர் அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார்.

இனி என் மூன்றாவது மகன் சந்திரனைப் பற்றிச் சொல்கிறேன். நாவுலப் பக்கம் வயல் அறுப்புக்குப் போனவன் எலிக்காய்ச்சலோடு திரும்பினான். சேற்று வயலில் எலி மூத்திரத்திலிருந்து வருகிற காய்ச்சல் அது. ஆஸ்பத்திரியில் கண் மஞ்சளித்துப் பிதற்றிக் கிடந்தான். என்னை அடையாளம் தெரியாமல், "யாரு இந்தக் கெழவி?" என்று கேட்டான். பிழைத்து வந்தான். உடம்பு தேறியது. அதற்கு முன் தீபாவளிக்கு ஒரு மடக்கு குடிக்கிறவன், அதற்குப் பின் நாள் தவறாமல் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடிக்கிறவன் ஆனான். எங்கள் லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டாளிகள் கெடுத்தார்கள் என்றது ஒரு வாய். பெண்டாட்டி சரியில்லை என்றது இன்னொரு வாய். குழாயடியில் ஒருத்தி என் காதில் விழவே சொன்னாள்:

"மகனுக்கு எலிக்காய்ச்சல், ஆத்தாளுக்கு எலி உத்தியோகம். சாராயம் எலிக்கு மட்டும் ஊத்துனாப் போதுமா?"

மருமகள் வசந்தி பொறுத்துப் பார்த்தாள். அப்போது நிரோஷா கைக்குழந்தை. "தீபாவளி வரைக்கும் பாப்பேன் மாமி. அப்புறம் புள்ளையத் தூக்கிக்கிட்டு நாவுலையில எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். வந்து கூப்பிடாதீங்க" என்றாள். வசந்தி சொன்னால் சொன்னதுதான். எனக்கு அது தெரியும்.

அந்தக் காலத்தில்தான் டொக்டர் அம்மா காய்ச்சல் எலி ஆராய்ச்சியைத் தொடங்கினார். எலிகளில் பாதிக்கு ஓர் ஊசி. கிருமி இல்லை, கிருமியின் ஓடு மட்டும். உடம்பு கிருமி வந்துவிட்டது என்று ஏமாந்து காய்ச்சல் காணும். ஓரிரு நாள் மூலையில் சுருண்டு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கிடக்கும். பிறகு எழுந்து ஓடும், தின்னும், கூடு கட்டும். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் போத்தலை நிறுத்தால் தெரியும். காய்ச்சல் கண்ட எலிகளின் சாராயப் போத்தல் மற்ற எலிகளுடையதைவிட அதிகமாகக் குறைந்தது. வாரங்கள் போயும் அப்படியே குறைந்தது.

நிறுத்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுபோனது. டொக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்தார். சந்திரன் கதை அவருக்குத் தெரியும்.

"இது ஏன் டொக்டர் அம்மா இப்படி?"

"லக்கலப் பக்கம் காட்டுச் சேனைப் பயிருக்குக் காவல் இருக்கிறவங்களத் தெரியுமா அக்கா? ஆனை வந்தா பரண்ல இருந்து கத்துவாங்க, தகரம் தட்டுவாங்க. ஒரு பரண் கத்தினா அடுத்த பரணும் கத்தும்."

"தெரியும்."

"மூளைக்குள்ளயும் அப்படிக் காவல் அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். கிருமி போனா அடங்கணும். சில நேரம் ஆனை போயும் காவல்காரன் தகரத்தத் தட்டிக்கிட்டே இருக்கான். அந்தச் சத்தத்தில மூளைக்குத் தூக்கம் இல்ல, நிம்மதி இல்ல. அதுதான் குடிக்கிற ஆசையக் கூட்டுதாண்டு பாக்குறோம். குடிச்சாலும் அந்தக் காவல் எழும்பும். எழும்பினா திரும்பக் குடிக்கத் தோணும்."

"அப்ப எம் மகனுக்கும்…"

"அதை என்னால சொல்ல ஏலாது அக்கா. இது எலி."

அன்று மாலை மலையிறங்கி வரும்போது பனி கொக்கோ மரங்களுக்கு இடையில் வெள்ளை வேட்டி போல் தொங்கியது. எங்கோ தகரம் தட்டும் சத்தம் கேட்டது போலிருந்தது. நின்று கேட்டேன். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சந்திரனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மறுநாள் அவனே கேட்டான்: "அந்த எலிங்க இன்னைக்கும் குடிச்சிச்சாம்மா?" அதிலிருந்து தினமும் கேட்டான்.

பிறகு டொக்டர் அம்மா அந்தக் காவலை அடக்குகிற ஒரு மருந்தைக் காய்ச்சல் எலிகளில் ஒரு பகுதிக்குக் கொடுத்தார். மேல் தட்டு எலிகளுக்கு மருந்து. கீழ்த் தட்டு எலிகளுக்கு அதே நிற உப்புத் தண்ணீர். இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி குடித்துக்கொண்டிருந்தன. ஆயுத பூசை வந்தது. அது முடிந்த மறுநாள் மேல் தட்டு எலிகள் சாராயப் போத்தலை ஏறக்குறையத் தொடவே இல்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

நான் துள்ளினேன். டொக்டர் அம்மா அமைதியாகிவிட்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய் வாசலிலிருந்தே சொன்னேன்: "மருந்து கேட்டுருச்சுடா சந்திரா! எலிங்க குடிய விட்டுருச்சு!" வசந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சந்திரன் எழுந்து நின்றான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அன்று இருந்தது. "எப்பம்மா மனுசனுக்குக் குடுப்பாங்க?" என்றான். நான் எனக்குத் தெரியாததை எல்லாம் தெரிந்தவள் போல, "சீக்கிரம்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் டொக்டர் அம்மா கழுவும் அறையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மேல் தட்டுப் போத்தல்களின் ரப்பர் தக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி முகர்ந்தார். மிளகும் கராம்பும் மணந்த வீட்டில் வளர்ந்த மூக்கு அது. முகர்ந்து முடித்துப் பொன்னுசாமியைக் கூப்பிட்டார்.

"பொன்னுசாமி அண்ணே, இதில என்ன வாசம்?"

அவன் முகர்ந்தான். முகம் மாறியது. "சந்தனங்க."

ஆயுத பூசையன்று கழுவும் அறையில் தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைக்க டொக்டர் அம்மாதான் அனுமதி கொடுத்திருந்தார். பொன்னுசாமி பக்தியில் போத்தல்களின் தக்கைகளையும் விடவில்லை. வலப்பக்கம் நல்ல பக்கம் என்று, கழுவி அடுக்கியிருந்ததில் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறான். அங்கே இருந்தவை மேல் தட்டு எலிகளின் சாராயப் போத்தல்கள். அவற்றோடு கிண்ணத்துச் சந்தனம் தீர்ந்துவிட்டது. மறுநாள் துடைத்தும்விட்டான். ரப்பருக்குள் ஊறிய வாசம் போகவில்லை.

"வாசனை சாமான் ஒண்ணும் கூடாதுண்டு சொன்னேனே அண்ணே."

"ஐயோ அம்மா, சந்தனம் வாசனை சாமானா? அது சாமியோடது இல்லீங்களா?"

டொக்டர் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் தக்கையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் சந்தனம் அரைச்சுக் கொண்டு வாங்க" என்றார். மருந்து கொடுக்காத கீழ்த் தட்டின் சாராயத் தக்கைகளில் அவனையே பொட்டு வைக்கச் சொன்னார். மேல் தட்டுக்குக் கொதிக்க வைத்த தக்கைகளை மாட்டச் சொன்னார். மறுநாள் நிறுத்தோம். மருந்தே வாங்காத கீழ்த் தட்டு எலிகள் சாராயத்தைத் தொடவில்லை. மேல் தட்டு எலிகள் குடித்திருந்தன.

"நல்ல செய்தி வந்தா ரெண்டு தரம் சந்தேகப்படணும் அக்கா" என்றார். "எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு."

புதிதாகக் கேட்டு வந்த பிள்ளைகளே, அந்த அறையில் நான் பார்த்த பெரிய வேலை அதுதான். தன் ஆசைக்கு எதிராக அவர் அரைக்கச் சொன்ன அந்தச் சந்தனம்.

எல்லாவற்றையும் கழுவி, கொதிக்க வைத்து, முதலிலிருந்து தொடங்கினோம். மருந்து வாங்கிய எலிகள் கடைசியில் கொஞ்சம் குறைத்துத்தான் குடித்தன. கொஞ்சம்தான். சில எலிகள் குறைக்கவே இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே கவலை. சந்திரனிடம் யார் சொல்வது?

அவன் தோட்டத்து ஓடை ஓரத்தில் மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பகல் வேளை. குடிக்கவில்லை, கை மட்டும் நடுங்கியது. நடந்ததைச் சொன்னேன். சந்தனத்தைக் கேட்டு முதலில் சிரித்தான்.

"பொன்னுசாமி மாமா எம் போத்தலுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுமே."

பிறகு கயிற்றைக் கீழே போட்டான். என்னைப் பார்க்காமல் ஓடையைப் பார்த்துக் கேட்டான்:

"அப்ப அந்தக் காய்ச்சல் கதையும் பொய்தானாம்மா?"

மருந்து போனது அவனுக்குப் பெரிதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர் சொன்னதைத்தான் அவனும் தன்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தான், கெட்டவன் என்று. காய்ச்சல் கதை ஒன்றுதான் அவன் பிடித்திருந்த கொம்பு. ஒரு தரம் தெரியாமல் சொன்னது போதும். "வா, டொக்டர் அம்மாகிட்டயே கேளு" என்றேன்.

மறுநாள் காலையில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அறைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கதவில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே சிவப்பு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. டொக்டர் அம்மா உள்ளே ஒரு கூட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே வந்தார். காய்ச்சல் கண்டு தேறிய எலி. அது முன்காலால் மீசையைத் துடைத்தது. மரச்சீவலைக் கொஞ்சம் கிளறியது. பிறகு தண்ணீர்ப் போத்தலைத் தாண்டிப் போய் மற்றப் போத்தலில் வாயை வைத்தது. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் போனது தெரியவில்லை. எலி குடிக்கும்போது கண்ணை மூடவில்லை.

"சந்தனத்தில பிழையாப் போனது மருந்துக் கணக்குத்தான் தம்பி" என்றார் டொக்டர் அம்மா. "காய்ச்சல் கணக்கு அதுக்கு முந்தியது. அதில சந்தனம் இல்ல. அது பொய் இல்ல."

"எனக்கும் அதுதானுங்களா?"

"தெரியாது. உங்க தலையைத் தெறந்து பாக்க ஏலாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். இது கெட்ட எலி இல்ல. காய்ச்சல் கண்ட எலி. இதுக்கு நான் ஏசுறதும் இல்ல, அடிக்கிறதும் இல்ல. என்ன செஞ்சா குறையும்ண்டுதான் பாக்குறேன்."

சந்திரன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் மூச்சில் கண்ணாடி மங்கி, எலி மறைந்து, மறுபடி தெரிந்தது.

"ஒரேயடியா நீங்களா நிப்பாட்டவும் வேணாம்" என்றார். "கை நடுங்குது பாருங்க. வலிப்பு வந்தாலும் வரும். மாத்தளை ஆஸ்பத்திரியில இதுக்கே கிளினிக் இருக்கு. நெஞ்சு நோய்க்குப் போற மாதிரி அங்க போங்க."

அவன் போனான். எப்படியென்றால், தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளைச் சட்டையோடு, பட்டப்பகலில், குழாயடி வழியாகத்தான் போனான். வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். குழாயடிக்காரி, "எங்க குடும்பமாக் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். சந்திரன் நின்று சொன்னான்: "வைத்தியத்துக்கு." அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவன் எத்தனை தூரம் வந்திருந்தான் என்று எனக்குத் தெரியும்.

வசந்தி அந்தத் தீபாவளிக்கு நாவுலைக்குப் போகவில்லை. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் டொக்டர் அம்மா என்னைச் சந்தேகப்படுவார். அவன் விட்டான், திரும்பக் குடித்தான், திரும்பக் கிளினிக்குக்குப் போனான். ஒரு முறை வசந்தி போயும் இருக்கிறாள், வந்தும் இருக்கிறாள். இப்போது குடிப்பதில்லை. நாளைக்கு என்ன என்று நான் கேட்பதில்லை. சில மாலைகளில் வாசலில் உட்கார்ந்து எதையோ காது கொடுத்துக் கேட்பவன் போல் இருப்பான். "தகரம் தட்டுதாடா?" என்பேன். "தூரத்துலம்மா" என்பான்.

டொக்டர் அம்மா இடமாற்றம் கிடைத்துப் போனார். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்த அறைக்குள் கடைசியாகப் போய் நின்றேன். சிவப்பு வெளிச்சம். தூறல் சத்தம். ஓர் எலி என் உள்ளங்கையில் உட்கார்ந்து மூச்சு அடங்கியது. கதவைத் திறந்து வெளியே வந்தேன். மலைமேல் நல்ல வெயில்.

நிரோஷா, பேனாவை வை. இதை மலருக்குக் கொடுக்கலாமா என்று நான் இன்னும் உன் அப்பாவிடம் கேட்கவில்லை. அவன் வேண்டாமென்றால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்வேன். இந்தத் தாள் அடுப்புக்குப் போகட்டும். வாசலில் மிளகு காயப் போடுகிறான் பார். கேட்காதவன் போல் குனிந்துதான் இருப்பான். நீ ஜன்னலோரம் வந்து நில். அந்தக் கண்ணாடிக் கதவு வருகிற இடத்திலிருந்து தொடங்கு. இப்போது வாசி, மகள். கொஞ்சம் சத்தமாக வாசி.